பக்கெட்டில் கரைத்த பானகம்

நண்பா,

கால் புண் ஆறவில்லை, சாப்பாட்டில் ருசியும் தெரியவில்லை என்று டாக்டரிடம் போனேன். துத்தநாக மாத்திரை எழுதிக் கொடுத்தார். "உடம்புக்கு இது துளியூண்டு போதும் சார். குறைஞ்சா புண் ஆறாது, நாக்கு மரத்துப்போகும். கூடிப்போச்சுன்னா குடலைப் பிரட்டும்" என்றார். இன்று காலை அந்த மாத்திரை வாயிலேயே கரைந்துவிட்டது. காசை நக்கினாற்போல் ஒரு கசப்பு. உடனே உன் நினைவு வந்தது. மன்னித்துக்கொள், உன்னை நினைக்க இதைவிட நல்ல ருசி கிடைக்கவில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஜோகுபாளையத்தில் எங்கள் தெரு பஜனைக் கூடத்தில் ராமநவமி. உங்கள் தெரு ஆட்களை அதுவரை வாசலோடு நிறுத்தியிருந்தார்கள். அந்த வருஷம் கூடத்துத் தலைவருக்குத் திடீர் ஞானோதயம். "இனிமே பேதம் கீதம் ஒண்ணும் கிடையாது. பானகம் உன் கையாலதான்" என்று உன்னைக் கூப்பிட்டார். அந்த வாரம் முழுக்க நீ தரையில் கால் பாவாமல் திரிந்தாய். புதுப் பானைகளைக் கழுவித் தலையில் சுமந்து வந்தாய். செத்த எலியைப் பார்ப்பதுபோல் அவற்றைப் பார்த்தார் அவர். "உங்க வீட்டுப் பானை வேணாம்பா. சாமி காரியம் பாரு, சுத்தமா இருக்கணும். புது பக்கெட்டு வாங்கியாந்திருக்கேன்." கை ஆகுமாம், பானை ஆகாதாம்!

துத்தநாகம் பூசிய இரும்பு வாளிகள், பளபளவென்று. முந்தின நாள் சாயங்காலமே வெல்லத்தைக் கரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு மூடி வைத்தாய். மறுநாள் வெயிலில் ஊரே வாங்கிக் குடித்தது. கொஞ்ச நேரத்தில் கூடத்து வாசலெல்லாம் வாந்தி. பட்டுப்புடவைக்காரர்களும் சந்தனப்பொட்டுக்காரர்களும் சாக்கடை ஓரம் குனிந்து நின்றார்கள். நானும்தான். உன் கையால் கரைத்ததைக் குடித்திருந்த நீயும்தான்.

"கண்டவன் கை பட்டா இப்படித்தான்" என்றார் ஒருவர், வாயைக்கூடத் துடைக்காமல். பிறகு எல்லார் வாயிலும் அதே பேச்சு. என்னத்தைக் கலந்தாய் என்று உன் சட்டைப்பையைத் துழாவினார்கள். "சாமி சத்தியமா வெல்லந்தாங்க, வேற ஒண்ணும் போடலீங்க" என்று நீ கெஞ்சினாய். த்தூ! எழுதும்போதே அருவருப்பாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி டாக்டர் வந்து வாளிக்குள் பார்த்தார். உள்பக்கம் பளபளப்பு போய் மங்கிக் கிடந்தது. "புளிப்புல பக்கெட்டுப் பூச்சு கரைஞ்சிருக்கு. பானையில வெச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்று தலைவரிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். தலைவர் தலையாட்டினார். ஊருக்கு முன்னால் வாயைத் திறக்கவில்லை.

நான் தெருவில் நின்று கத்திப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் உன்னை இழுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். "எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லுங்க சார். என் பொண்டாட்டி குழாயடிக்குக்கூடப் போக முடியல" என்று கைகூப்பினாய். அவர் வெற்றிலையை மென்றபடி சொன்னார்: "பக்கெட்டுதான்னு எனக்குத் தெரியாதாப்பா? ஆனா அதை வாங்கினது நானாச்சே. உனக்கென்ன, நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க."

யாரும் மறக்கவில்லை. நீ சாகும்வரை, கூடத்துக்காரர் ஒருவரும் உன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை, என்னைத் தவிர. தலைவர் படம் இன்னும் கூடத்தில் மாலையோடு தொங்குகிறது. அன்று குடித்தவர்களுக்கெல்லாம் பொழுது சாய்வதற்குள் சரியாகிவிட்டது. எனக்கு இன்னும் குமட்டுகிறது.