இடப்பக்கம் விழுந்த பூ

ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை ராத்திரி.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்வதைப் போனே எழுதிக்கொள்கிறது. பேத்தி யாழினி பழக்கிவிட்டாள். ஸ்பானிஷ் மொழியில் எம்.ஏ. படிக்க ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்பெயினுக்குக் கிளம்புகிறாள்.

அதற்காக இன்று அம்மன் கோயிலில் பூ வைத்து உத்தரவு கேட்டோம். வலப்பக்கம் விழுந்தால் போகலாம். பூ இடப்பக்கம் விழுந்தது. மகன் இன்னொரு தடவை வைக்கச் சொன்னான். பூசாரி முடியாது என்றுவிட்டார்.

யாழினி தாத்தாவான என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏனுங்க அப்பாரு, ஸ்பானிஷ்ல கேட்டிருந்தா வலப்பக்கம் உளுந்திருக்குமுங்களோ?"

வீட்டுக்கு வந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க வேண்டாம்னா நான் நின்னுக்கறனுங்க. வேற ஆரு சொன்னாலும் கேக்கமாட்டேன்."

"போயிட்டு வா சாமி" என்றேன். அவள் முகத்தைப் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

இப்போது பக்கத்து அறையில் ஸ்பானிஷில் பேசிப் பழகிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கிணறு வெட்ட என் அப்பன் இதே அம்மனிடம் கேட்டபோதும் பூ இடப்பக்கம்தான் விழுந்தது. அவரும் அதை மீறி வெட்டினார். அந்தக் கிணற்றிலிருந்து அவரைப் பிணமாகத் தூக்கியபோது அதில் தண்ணீர்கூட ஊறியிருக்கவில்லை.

இதை யாழினிக்கு யாரும் சொன்னதில்லை. சொல்வதென்றால் நாளை ஒரு பகல்தான் இருக்கிறது.