கஞ்சி போட்ட காலுறை

1936, ஐப்பசி, வெள்ளி இரவு. ஜொகூர் பாரு.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த எங்களுக்குச் சலவைத் தொழில் புதிது. பட்டாள முகாமிலிருந்து வந்த முதல் மூட்டையை வெளுத்தபோது, என் மனைவி ராசம்மா காலுறைகளுக்கும் கஞ்சி போட்டுவிட்டாள். இன்று காலை முகாமில் மலாய்க்கார சார்ஜன் அதில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அது விழாமல் நின்றது. பிழைப்பு போயிற்று என்று நினைத்தேன்.

"அலமாக், இதுக்குக் காலே வேணாம் லா," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். "கால்சட்டைக்கு மட்டும் இப்படியே போடு. இனிமே எல்லார் துணியும் உனக்குத்தான்."

பக்கத்து வீட்டு மாரியும் நாளை முதல் எங்களோடு வெளுக்க வருகிறாள்.

தோட்டத்தில் ஆட்களைக் குறைத்ததிலிருந்து கஞ்சிதான் குடித்துவந்தோம். இன்று வடித்த கஞ்சியெல்லாம் பட்டாளத்துக் கால்சட்டைகளுக்குப் போய்விட்டது. நாங்கள் சோறு தின்றோம்.