பீலியடியில் நின்று பார்த்தவருக்கு

மாஸ்டர்,

இன்று காலை பேரனின் கிழிந்த முழங்காலில் டிஞ்சர் தடவினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வட்டகொடைக்கு மேலே இருந்த நம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் கண்முன் வந்து நின்றது. அங்கே நாம் இருவரும் பாடம் நடத்தியதைவிட மருந்து போட்டதுதான் அதிகம்.

நீங்கள் தலைமையாசிரியராக வந்த வாரமே நம் மாணவி ராசம்மா தண்ணீர் வாளியால் ஒரு பையனின் பல்லை உடைத்தாள். தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கு லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகளும் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு லயத்துப் பிள்ளைகளும் பள்ளி விட்டதும் அடித்துக்கொள்வது அன்றாட வழக்கம். கல், கட்டை, கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலை மிலாறுக் குச்சி, எது கிடைத்தாலும் சரி. மறுநாள் நாம் பிரம்பால் விளாசுவோம். மாலையில் மறுபடி இரத்தம்.

"அடிச்சும் நிக்கலன்னா, அடி இதுக்கு மருந்து இல்லீங்க டீச்சர். வேற எதையாச்சும் செஞ்சு பாப்போம்" என்றீர்கள். இரண்டு கணக்குப் பிள்ளைகளையும் கலந்து உட்காரவைத்தீர்கள். சண்டை வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது. சிலேட்டுச் சட்டம் பட்டு ஒருவனின் காது கிழிந்தது. "நான் நெனச்சது தப்பு" என்று சொல்லிவிட்டு, பள்ளி விட்டதும் பிள்ளைகளின் பின்னால் நடந்தீர்கள். நானும் வந்தேன்.

இரண்டு கணக்குக்கும் பொதுவாக மலைத்தண்ணீர் விழும் அந்த ஒரே பீலியில்தான் சண்டை மூண்டது. எல்லாரும் வாளியோடு முட்டினார்கள். ராசம்மாவைத் தனியே அழைத்துக் கேட்டீர்கள். அவள் முதுகுத் தழும்பைக் காட்டினாள்.

"அம்மா கொழுந்து எடுத்துட்டு வர்றதுக்குள்ள தண்ணி நெறைஞ்சிருக்கணும் சார். இல்லாட்டி அப்பா வெறகுக் கட்டைய எடுத்துருவாரு."

உடனே பள்ளி விடும் நேரத்தை மாற்றினீர்கள். ஒரு கணக்குப் பிள்ளைகள் முந்திப் போய்த் தண்ணீர் எடுப்பார்கள். மற்றவர்கள் பிந்திப் போவார்கள். வாரம் மாறினால் முறையும் மாறும். சண்டை மெல்ல ஓய்ந்தது. ராசம்மா பாடிக்கொண்டு போனதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஆனால் மாலையில் தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையாவின் காய்கறிப் பாத்தியில் கூலியில்லாமல் வேலை செய்யப் போகும் பெரிய பையன்கள் இதனால் பிந்தினார்கள். தோட்டத்தையே மிரட்டி வேலை வாங்கிய அந்த மனுஷர் தடியோடு வகுப்புக்குள் வந்தார்.

"பள்ளிக்கூட நேரத்த மாத்த நீ யாருடா?"

பிள்ளைகள் பார்க்க உங்களை அடித்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுகணம் இரண்டு கணக்குப் பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்து கல்லை எடுத்தார்கள். நீங்கள் அவருக்கு முன்னால் போய் நின்று, "கீழ போடுங்கடா!" என்று கத்தினீர்கள். பறந்து வந்த ஒரு கல் உங்கள் புருவத்தைப் பிளந்தது. பிள்ளைகள் உறைந்து நின்றார்கள். கண்டாக்கையா ஓடிவிட்டார்.

முந்தானையால் காயத்தை அழுத்தினேன். "கையில கெடைச்சதால அடிக்கணும்னு இவங்களுக்கு யாரு கத்துக்குடுத்தா?" என்று கேட்டீர்கள். உங்கள் பார்வை மேசைமேல் கிடந்த பிரம்பில் இருந்தது. அதன்பிறகு அதை நாம் தொடவில்லை.

அந்த வாரமே தோட்ட நிர்வாகம் உங்களை வெளியேற்றியது. ஸ்டேசனில் கட்டுப்போட்ட தலையோடும் கையோடும் சொன்னீர்கள்: "நேர முறைய விட்டுறாதீங்க. சரிவரலன்னா அதையும் மாத்துங்க."

கண்டாக்கையா என்னிடமும் தடியோடு வந்தார். பள்ளி வாசலில் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் நிறைந்திருந்தார்கள். முன்னால் ராசம்மாவின் தாய். "டீச்சர் மேல கைய வச்சுப் பாருங்க" என்றாள். ஓங்கிய தடி இறங்கவில்லை. நேர முறையும் மாறவில்லை.

பிறகு நானும் தலைமையாசிரியையானேன், ஓய்வுபெற்றும் லயத்துப் பக்கமே குடியிருக்கிறேன். உங்கள் சாவுச் செய்தி பிந்தித்தான் கிடைத்தது. இன்றும் லயத்துப் பிள்ளைகள் இரத்தம் ஒழுக என்முன் வந்து நின்றால் கை பழைய பிரம்பைத் தேடுகிறது. அந்தக் கையாலேயே அவர்களைப் பிடித்துக்கொண்டு, "சண்டை எங்க ஆரம்பிச்சுச்சுன்னு காட்டுங்க" என்று கூடவே நடந்துவிடுகிறேன்.