மாலை ஆறு மணிக்கு அணைத்த பெட்டி

புரட்டாசி 28, திங்கள்கிழமை

அன்பு மகன் கௌசிக்குக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் சுகம், எருமையும் கன்றும் சுகம். நீயும் போர் போடும் ரிக் வண்டியில் உன்னோடு இருக்கும் பையன்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் காந்தமலை முருகன் துணை நிற்கட்டும். நீ இருக்கும் காட்டில் டவர் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் இரண்டு பேச்சுக்குள் அறுந்துவிடுகிறது, அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். காந்தி ஜெயந்தி கிராம சபையில் நடந்ததை ஆளுக்கொரு விதமாக உனக்குச் சொல்வார்கள், முதலில் அன்று யார் யார் இருந்தார்கள் என்று எழுதுகிறேன். தலைவர் சௌந்திரம், ஊராட்சிச் செயலர், இணைய கேபிள் திட்டத்திலிருந்து வந்த இன்ஜினியர் சரவணக்குமார், கிழக்கு வளவிலிருந்து மாதையன், அங்காளம்மாள், அவள் மகள் அபிநயா, இன்னும் பதினேழு பேர், நம் மேலத் தெருவில் அப்பாவும் நானும் சேர்த்து முப்பத்தைந்து பேர். பதிவேட்டில் மொத்தம் ஐம்பத்தெட்டுக் கையெழுத்து. அன்றைக்கு மகாளய அமாவாசையும் சேர்ந்துகொண்டதால் பாதிப் பேர் படையல் போட்டுவிட்டு இலையைக்கூட எடுக்காமல் ஓடி வந்தார்கள்.

சேதி இதுதான். நம் வீட்டுக்கு எதிரே சேவை மையத்துச் சுவரில் போன வருஷம் ஒரு இரும்புப் பெட்டி மாட்டினார்களே, அரசாங்க இணைய லைன், அதிலிருந்து கிழக்கு வளவின் நாற்பத்தோரு வீட்டுக்கும் அரசாங்கச் செலவிலேயே கம்பி இழுத்துத் தருவதாக இருந்தது. வளவு பள்ளத்தில் இருக்கிறது, அங்கே எந்தப் போனிலும் டவர் ஒரு கோடு நின்றால் அதிசயம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் வந்ததற்கு அடையாளமாகப் போட்டோ ஏற்றுவதற்கே மேட்டுக்கு ஏறி வரவேண்டும். அந்தக் கம்பிக்கு ஒதுக்கிய நிதியை வேறு ஊராட்சிக்கு மாற்றப் போவதாகக் கடிதம் வந்திருக்கிறது என்று செயலர் வாசித்தார். நம் ஊர்ப் பெட்டி நாளில் பாதி நேரம் செத்துக் கிடக்கிறதாம், உபயோகிக்காத ஊர் என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்களாம். மாதையனுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்க வளவுக்கு வாரதுன்னா மட்டும் லைன் செத்துப் போயிருமாக்கும், மேலத் தெருவுக்குன்னா இந்நேரம் உசுரோட இருந்திருக்கும் என்று சத்தம் போட்டார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த இன்ஜினியர் தம்பி பொறுமையாக ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்து, லைன்ல பழுதே இல்லைங்க, தெனமும் சாயந்திரம் ஆறு மணி சுமாருக்கு நிக்குது, காலைல ஏழுக்கு வருது, கோயில் நடை சாத்தற மாதிரி நேரம் தவறாம நிக்குதுங்க, பழுதுன்னா நேரம் பாத்தா வருமுங்க என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது என் கைவேலை என்று புரிந்துவிட்டது.

உனக்குத் தெரியும், மகளிர் குழு கூடுவது அந்தக் கட்டிடத்தில்தான், எதிர்வீடு என்பதால் சாவி என்னிடம் இருந்தது. பொழுது சாய்ந்தால் பெருக்கி, சாமி படத்துக்கு விளக்கு வைத்து, ஃபேன், லைட், கடைசியில் அந்தப் பெட்டியின் மெயினையும் பேட்டரி சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் பூட்டுவேன், காலை ஏழுக்குத் திறக்கும்போது மறுபடி போடுவேன். ஆளில்லாத இடத்தில் ராத்திரி முழுக்கப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் எனக்குத் தூக்கம் வராது, ஊர்க் கரண்டு வீணாகக் கூடாது, இடி இடித்தாலும் பயமில்லை என்று நினைத்தேன். அதை மாட்ட வந்த பையன் தொடாதீங்க என்று மட்டும்தான் சொன்னான். கையால் தொடக் கூடாது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன், சுவிட்சைச் சொல்கிறான் என்று யாருக்குத் தெரியும்.

நான் எழுந்தேன். அப்பா என் முந்தானையைப் பிடித்து, பேசாம உக்காரு, மானம் போயிரும் என்று பல்லைக் கடித்தார். தினமும் அணைத்தது நான்தான் என்று சபையில் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் என் நோட்டை எடுத்து வந்தேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று, காலண்டர் தாளைப் பார்த்துப் பார்த்து எழுத்துப் பழகியவள் எழுதும் நோட்டு, உனக்குத் தெரியாததா. திறந்த நேரம், அணைத்த நேரம், அப்போது கண்ணில் பட்டது, பதினான்கு மாதமும் நான் ஊரில் இருந்த ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருந்தேன். இன்ஜினியர் தம்பி தன் காகிதத்தை ஒரு பக்கம் வைத்து, என் நோட்டை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தான். அங்கே ஆறு ஐந்து என்றால் இங்கேயும் ஆறு ஐந்து. ஆடியில் நானும் அப்பாவும் பழனிக்குப் போன மூன்று நாள் சாவி சௌந்திரத்திடம் இருந்தது, அவளுக்கு அணைக்கத் தெரியாது, அந்த மூன்று நாளும் அவன் காகிதத்தில் பெட்டி நிற்கவே இல்லை. ஏனுங்கம்மா, லைன் நல்லாருக்குன்னு இதைவிட வேறென்ன சாட்சி வேணும் என்று அவன் சத்தமாகவே சொன்னான். அங்காளம்மாள், மருமக ஊட்டுல லைட்டு எரிஞ்சா திட்டற மாமியா பாத்திருக்கறேன், இந்தம்மா மிஷினுக்கே மாமியாளா இருந்திருக்காங்க என்று சொல்ல, கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் பக்கம் புரட்டிக்கொண்டே ஒரு வரியை வாய்விட்டு வாசித்தான். வைகாசி 24, மாலை 6.05, அணைத்தாயிற்று, வாசல் படியில் அங்காளம்மாள் மகள் போனோடு உட்கார்ந்திருந்தாள். அன்று அந்தப் படியில் என்ன நடந்தது என்று அங்காளம்மாள் அப்போதுதான் சொன்னாள். சாமி, அந்தப் பெண் பி.காம் முடித்தவள். அவள் அம்மா இடுப்பு ஒடிந்து கைத்தாங்கலாகத்தான் நடக்கிறாள், அவளை விட்டு வெளியூர் போக வழியில்லை. சேலத்தில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பதிகிற வேலை, அதற்கு அன்று நம் பெட்டியின் லைனைப் பிடித்துப் போனில் நேர்காணல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. பாதியில் அறுந்துவிட்டது. வேலை போய்விட்டது. ஏதோ படம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் அவளைத் தாண்டி வந்திருக்கிறேன், என்ன சாமி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளிடம் போய், உன் வேலையை அணைத்தது நான்தான் என்று சொன்னேன். அவள், பெட்டிதான் நின்னு போச்சுன்னு நெனச்சேனுங்கம்மா, நீங்கன்னு தெரிஞ்சிருந்தா ஒரு அரை மணி நேரம் உடுங்கன்னு கேட்டிருப்பேனுங்க என்றாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நிதியை மாற்றக் கூடாது என்று சபையில் தீர்மானம் போட்டு, என் நோட்டின் நகலையும் வைத்துத் திட்ட அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். பத்து நாள் பதில் வரவில்லை. நாற்பத்தோரு வீட்டுக்கு வரவேண்டியது என் விரலால் போய்விட்டதே என்று விளக்கு முன்னால் உட்கார்ந்தால் அழுகைதான். முந்தாநாள் கடைசி புரட்டாசிச் சனி, பெருமாளுக்குத் தளிகை போட்டுக்கொண்டிருந்தபோது சௌந்திரம் ஓடி வந்தாள். பட்டியலிலிருந்து நம் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டார்களாம், நிதி நமக்கேதானாம், வியாழக்கிழமை கம்பி இழுக்க ஆள் வருகிறார்கள். நான் தளிகைச் சோற்றோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனசிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ தூக்கி வெளியே போட்ட மாதிரி இருந்தது. அந்தக் கம்பெனியும் அபிநயாவை இந்த அக்டோபர் கடைசிக்குள் மறுபடி பேசச் சொல்லியிருக்கிறது, வீட்டில் லைன் இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. முதல் கம்பி அவள் வீட்டுக்கு என்று மாதையனே சொல்லிவிட்டார்.

இன்னும் ஒன்று. சாவியை நான் அபிநயாவிடம் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன், பெட்டியின் தேவை தெரிந்தவள் கையில் இருக்கட்டும் என்று. அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. தப்பை ஒத்துக்கொண்டதைக்கூட மன்னித்துவிட்டார், ஆனால் மேலத் தெருவில் இருந்த சாவி வளவுக்குப் போனதா என்று இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தானே எடுத்துக்கொள்கிறார், குழம்பு வேண்டுமென்றால் எருமையிடம் சொல்கிறார். வாழ்க்கையில் முதன்முதலாக அவரிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன், பயம் இருக்கிறது, ஆனால் ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. புதுசாகப் போட்ட போரில் வரும் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே, பைப் ஏற்றும்போது தலைக்கவசம் போட்டுக்கொள், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. ராய்ப்பூருக்கு ட்ரில் பிட் ஏற்றிப் போகும் பாலசுந்தரம் லாரியில் இதையும் எள்ளுருண்டை டப்பாவையும் கொடுத்தனுப்புகிறேன், டப்பாவைத் திருப்பி அனுப்ப மறக்காதே. முருகன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும்.

சாவி கொடுத்தது சரியென்று உனக்குப் பட்டால் அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, நீ சொன்னால் கேட்பார். தப்பென்று பட்டால் எனக்கு எழுது. எதுவானாலும் லாரி திரும்புவதற்குள் பதில் கொடுத்துவிடு சாமி.

அம்மா
வசந்தாமணி