எங்கள் வீட்டுத் தப்பு

ஜூன் 4

அன்புள்ள வாய்தா,

என் போன கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. கோர்ட்டில் மட்டுமல்ல, கடிதத்திலும் வாய்தா வாங்குகிற ஒரே வக்கீல் நீதான். ஹாஸ்டலில் உனக்கு அந்தப் பெயர் வைத்தது வீண்போகவில்லை. முழங்கால் வலி குறைந்ததா? அம்மா எப்படி இருக்கிறார்?

ஒரு விஷயத்தை அடுத்தவர் வாயால் நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இந்த நகரத்தில் எந்த இனத்தவரிடம் குற்றம் அதிகம், அதற்குக் காரணம் என்ன என்று ஆராய அரசு ஒரு குழு போட்டிருக்கிறது. புள்ளிவிவர அத்தியாயம் எங்கள் சமூகவியல் துறையின் பொறுப்பு, எழுதுவது நான். திருட்டு வழக்குகளில் வாய்க்கால் குடியிருப்புக்காரர்கள், அதாவது உன் மக்கள், தங்கள் மக்கள்தொகைக்குப் பல மடங்கு மேலே இருக்கிறார்கள். வறுமையைக் கழித்துப் பார்த்தேன். படிப்பைக் கழித்துப் பார்த்தேன். அதே வறுமையில் இருக்கும் பக்கத்துக் காலனியில் இந்த அளவு இல்லை. மிஞ்சுவதற்குப் 'பண்பாடு' என்றுதான் பெயர் வைக்க வேண்டியிருக்கிறது.

இதைக் காட்டி, உங்கள் குடியிருப்பில் வயது வந்த எல்லோரும் வாராவாரம் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று குழு பரிந்துரைக்கப் போகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்பதற்காக எண்களை மறைக்க முடியாது. திட்டுவதானால் திட்டிவிடு, மௌனமாக மட்டும் இருக்காதே.

உன்
ஆனால்


ஜூன் 11

அன்புள்ள ஆனால்,

பார், இந்த முறை வாய்தா கேட்கவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு 'ஆனால்' போடாவிட்டால் உனக்குச் சோறு இறங்காது என்று தெரியும், அதனால் கோபமில்லை. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அம்மா நலம், வாயும் நலம்.

நீ பண்பாடு என்று சொன்னது எனக்குச் சுடவில்லை. 'பாவம், ஏழைகள், அதனால்தான் திருடுகிறார்கள்' என்று எங்களுக்காகப் பரிந்து பேசுகிறார்களே, அதுதான் சுடும். என் அம்மா பிறந்ததிலிருந்து ஏழை. அடுத்த வீட்டு ஊசியைக்கூட எடுத்ததில்லை. அதற்காக எங்களில் திருடனே இல்லை என்றும் வாதாட மாட்டேன். என் தம்பியே திருடியவன்தான். இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

நாம் இரண்டாம் வருடம் படித்தபோது அவன் ஒரு பைக்கை எடுத்து மாட்டிக்கொண்டான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்தவனைத் தனியாக அனுப்ப மாட்டோம். வீட்டுப் பெரியவர்கள் கூடவே போய், பொருளைப் பறிகொடுத்தவர் முன்னால் நின்று, 'இது எங்க வீட்டுத் தப்பு' என்று சொல்ல வேண்டும். பைக்காரர் புகார் கொடுக்கப் போயிருந்ததால், அம்மா, சித்தப்பா, அத்தை, அண்ணி எல்லோரும் காவல் நிலையத்துக்கே போய் நின்றார்கள். ஏட்டு கேட்டாராம்:

"எல்லாரும் ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறோம்யா. எங்க வீட்டுத் தப்புதான்."

"ரொம்ப நல்லதாப் போச்சு, எனக்கு வேலை மிச்சம். அப்படியே வரிசையா நில்லுங்க."

ஒரு பைக்கை மொத்தக் குடும்பமும் சேர்ந்து திருடியதாக வழக்கு. அம்மாவுக்குப் பைக்கில் பின்னால் உட்காரவே பயம்! நான் சட்டத்துக்கு மாறியது அதனால்தான். மார்க் குறைந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னது பொய்.

ஆகவே பண்பாடு காரணமில்லை என்று சொல்ல மாட்டேன். அது எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று பார் என்கிறேன். அந்த வழக்கத்தில் குறையும் உண்டு. அன்று தம்பி வாயே திறக்கவில்லை. அவனுக்காகத் தலைகுனிய இத்தனை பேர் இருக்கும்போது அவன் எதற்குக் குனிய வேண்டும்? இதற்காக அம்மாவோடு இன்றும் சண்டை போடுகிறேன். நீ இருந்தால் என் பக்கம்தான் பேசுவாய்.

உன்
வாய்தா


ஜூன் 23

அன்புள்ள வாய்தா,

முதலில் நான் நம்பவில்லை. ஒரு வீட்டுக் கதையை வைத்து ஒரு நகரத்தின் கணக்கைத் திருத்த முடியாது என்று உனக்கே எழுதத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டு, ஆவண அறைக்குப் போய் வழக்குக் கட்டுகளை மறுபடி இறக்கினேன். தூசியில் இரண்டு நாள் தும்மல்.

எங்கள் துறை குற்றவாளிகளின் தலையை எண்ணியிருக்கிறது. நான் திருட்டுகளை எண்ணினேன். காணாமல் போன ஒரு தண்ணீர் மோட்டாருக்கு ஒரே வீட்டில் மாமியார், மருமகள், மூத்த மாப்பிள்ளை எல்லோரும் குற்றவாளிகள். கட்டுக்குக் கட்டு இதே கதை. திருட்டுகளை எண்ணினால் நீங்கள் பக்கத்துக் காலனியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தை நான் மறைக்கப் போவதில்லை.

நீயும் மறைக்கச் சொல்லவில்லை. அதுதான் என்னை அசைத்தது. உன் மக்களுக்காக வாதாடும்போதே அவர்கள் குறையையும் எடுத்து மேசைமேல் வைத்தாய். நான் லேசில் யாரையும் மெச்சுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். என் துறையில் எத்தனையோ பேர் வாதாடிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நேர்மையாக ஒருவர் வாதாடிப் பார்த்ததில்லை. தம்பி விஷயத்தில் நான் உன் பக்கம். ஆனால் உன் அம்மாவின் பக்கமும் கொஞ்சம்.

வியாழக்கிழமை குழுவின் முன் போகிறேன்.

உன்
ஆனால்


ஜூலை 2

அன்புள்ள வாய்தா,

அத்தியாயத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று குழுவிடம் சொல்லிவிட்டேன். உள்ளே போகும் முன் எங்கள் துறைத் தலைவர் காதருகே வந்து, "எண்ணினது நம்ம புள்ளியியல் பிரிவு மேடம், அவங்க மேல போட்டுட்டு நீங்க கழண்டுக்கங்க" என்றார். அது உண்மையும்கூட. எண்ணியது அவர்கள்தான். ஆனால் அந்த எண்ணுக்குப் பண்பாடு என்று பெயர் வைத்தது நான்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப இது யாரோட தப்பு?"

"எங்க துறையோட தப்பு" என்றேன்.

அவர் குனிந்து என் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்.

சிரிக்காதே. உன் அம்மா அந்த ஏட்டின் முன் நின்றது எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. வித்தியாசம், அவரைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். என் துறைக்காரர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கையெழுத்துப் பரிந்துரையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்மேல் விசாரணை, பத்தொன்பதாம் தேதி. அதன் முடிவைப் பார்த்துத்தான் எந்தக் கணக்கை ஏற்பது என்று தீர்மானிப்பார்களாம். வேலைகூடப் போகலாம் என்கிறார்கள். பயமில்லை என்று எழுத நினைத்தேன், வரவில்லை.

உன்
ஆனால்


ஜூலை 8

அன்புள்ள ஆனால்,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "அந்தப் பொண்ணுகூட யாருடி போனது?"

"யாரும் போகலம்மா. தனியாத்தான்."

"தனியாவா? நீ இங்க உக்காந்து என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

கோர்ட்டில்கூட என்னை யாரும் இப்படிக் குறுக்கு விசாரணை செய்ததில்லை. அவள் எழுந்து போய்த் தன் நல்ல புடவையை வெயிலில் காயப் போட்டாள். சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பியாயிற்று. அத்தை தானும் வருவேன் என்கிறாள். தம்பியையும் கூட்டி வருகிறோம். இந்த முறை 'எங்க வீட்டுத் தப்பு' என்று அவனும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்பது என் நிபந்தனை. அம்மா ஒத்துக்கொண்டாள்.

பத்தொன்பதாம் தேதி வருகிறோம். விசாரணைக் கூடத்தில் எத்தனை நாற்காலி போடட்டும் என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடு. உன் பின்னால் நிற்கத்தான் வருகிறோம்.

உன்
வாய்தா