சிங்கம் பார்க்க வராதவருக்கு

ஞாயிற்றுக்கிழமை மகள் பிராண்டே ஊரிலிருந்து பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். குசினி மேசையில் இருந்து ஒரு நுளம்பு எண்ணெய்ப் போத்தலைத் திறந்து, தோல் சிவக்கிறதா என்று பார்க்கச் சின்னவளின் கையில் கொஞ்சம் பூசினாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் கழுவிக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

"என்னத்துக்கு இது?" என்று கேட்டேன்.

"ஆவணியில கென்யா போறம், அம்மா. சஃபாரி." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி டெனிஷில் சொன்னாள், தான் அவர்களைவிடச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மொர்ஃபார் தன்னை வான் வண்டியின் கூரைக்கு மேலே தூக்கிப் பிடித்துச் சிங்கம் காட்டினார் என்று. மொர்ஃபார் என்றால் தாயின் தகப்பன். அதாவது நீங்கள், என் கணவர்.

உங்களைப் புதைத்த இடத்தில் புல் முளைத்து இரண்டு மாரி கடந்துவிட்டது. அந்தப் பொய் மட்டும் இன்னும் சுகமாக இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வரை வந்துவிட்டது. ஆகவே நடந்ததை உங்களுக்கே ஒருமுறை எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது இதை எடுத்தால் எழுந்து போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவீர்கள். இனி அது முடியாது.

மகள் தவழத் தொடங்கிய காலத்தில் நீங்கள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனீர்கள். டென்மார்க் உங்களை ஏற்றுக்கொண்டது, பிரெடெரிசியாவில் இரும்புத் தொழிற்சாலையில் வேலையும் கிடைத்தது. எங்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டீர்கள். அகதியின் மனைவிக்கும் பிள்ளைக்கும் வர உரிமை உண்டு என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்வதாக எழுதினீர்கள். நான் பெட்டியை அடுக்கி வைத்தேன். பதில் வரவில்லை. இல்லை என்றுகூட வரவில்லை. மகள் வளர்ந்து பெட்டியில் இருந்த சட்டைகள் அவளுக்குச் சிறுத்துப்போயின. அங்கே அமைச்சு எங்கள் எல்லோருடைய விண்ணப்பங்களையும் வேண்டுமென்றே அசையாமல் வைத்திருந்தது என்பது பின்னால்தான் தெரிய வந்தது.

அப்போதுதான் உங்கள் புதிய யோசனை வந்தது. நீங்கள் இலங்கைக்குத் திரும்ப முடியாது, நாங்கள் டென்மார்க்குக்கு வர முடியாது, ஆகவே மூன்றாவது நாடு ஒன்றில் சந்திப்போம். உங்களோடு வேலை செய்த டெனிஷ்காரன் ஒருவன் கென்யாவுக்குப் போய் மிருகங்கள் பார்த்துவிட்டு வந்து படங்களைக் காட்டியிருக்கிறான். "சுற்றுலாவுக்குப் போற ஆக்களை ஒருத்தரும் மறிச்சுக் கேக்கிறேல்லை" என்று எழுதியிருந்தீர்கள். பிரெடெரிசியாவில் ஒரு பயண நிலையத்தில் மூன்று பேருக்கும் இடம் போட்டீர்கள். அது டெனிஷ்காரரின் குழுப் பயணம். நீங்கள் அவர்களோடு வருவீர்கள், நாங்கள் கொழும்பிலிருந்து நைரோபிக்கு வந்து சேர்ந்துகொள்வோம்.

அதற்குப் பிறகு உங்கள் கடிதங்களில் வேறு கதையே இல்லை. ஆவணியில்தான் மாரா ஆற்றைக் காட்டுமாட்டு மந்தைகள் கடக்குமாம். அந்த மாட்டை டெனிஷ்காரர் க்னூ என்பார்களாம். காலையில் வெயில் ஏறமுதல் போனால்தான் சிங்கம் நடமாடுமாம், பிறகு மரத்தின்கீழ் படுத்துவிடுமாம். கூடாரத்துக்குள்ளேயே குளியலறை இருக்குமாம். கடு நீலத்துக்கும் கறுப்புக்கும் ஒரு வகை ஈ வந்து கடிக்குமாம், வெள்ளையில் புழுதி தெரியுமாம், ஆகவே எனக்கும் பிள்ளைக்கும் காக்கி நிறத்தில் உடுப்புத் தைக்க வேண்டுமாம்.

யாழ்ப்பாணத்தில் அந்த நேரம் சீருடை நிறத்தில் காக்கித் துணி. யோசித்துத்தான் எழுதினீர்களா? கடைக்காரர் துணியை வெட்டமுதல் என்னை மேலும் கீழும் பார்த்தார். வரும் வழியில் சென்றியில் நின்ற ஆமிக்காரன் பையிலிருந்து அதை உருவி எடுத்து, யாருக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டான். பிள்ளைக்கு என்றேன். ஏன் இந்த நிறம் என்றான். சிங்கம் பார்க்கப் போகிறோம் என்றேன். அவன் சிரிக்கவில்லை. என்னை ஒரு கரையில் நிற்கவிட்டுப் பெரியவனைக் கூப்பிட்டான். பிள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழாமல் நின்றாள். பெரியவன் வந்து துணியைப் பிள்ளையின் தோளில் வைத்து அளந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். அதையும் உங்களுக்கு எழுதினேன். அடுத்த கடிதத்தில் தொப்பியும் மறக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள்.

ஆனாலும் நான் நம்பினேன். கொழும்பில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டோம். மலேரியாக் குளிசையைப் பிள்ளைக்குத் தேனில் கரைத்துக் கொடுத்தேன். உங்கள் முகம் அவளுக்குத் தெரியாது, படம் மட்டும்தான். விமானத்தில் போகும்போது படத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன், இறங்கியதும் அவள்தான் முதலில் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று.

நைரோபி விமான நிலையத்தில் அவள் ஒவ்வொரு ஆளாகப் பார்த்தாள். பயண நிலையத்தின் பெண் எங்கள் பெயர் எழுதிய அட்டையோடு நின்றாள். தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உங்கள் அழைப்பு வந்தது.

"நான் வரேல்லை," என்றீர்கள்.

"பிளேன் பிந்திப்போச்சோ?"

"இல்லை. நான் வெளிக்கிடேல்லை. இஞ்ச ஆக்கள் சொல்லுகினம், இப்ப வெளிய போனால் திரும்பி உள்ள விடமாட்டாங்களாம். உங்கட கேஸும் குழம்பிப் போமாம்."

"எப்ப சொன்னவை?"

பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்டீர்கள்.

"எப்ப சொன்னவை எண்டு கேக்கிறன்."

"போன மாதம்."

"போன மாதம் நாங்கள் ஊரில தானே இருந்தனாங்கள். அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் வெளிக்கிட்டிருக்க மாட்டீர். பிள்ளையோட ஒரு கிழமையாவது வெடிச்சத்தம் இல்லாத இடத்தில இருந்திட்டு வாரும் எண்டுதான்."

"இருந்திட்டு?"

"என்ன?"

"இருந்திட்டு எங்க போறது?"

எங்கள் பயணச்சீட்டில் திரும்பிப் போகும் நாள் இருந்தது. அதையும் நீங்கள்தான் பதிந்தீர்கள்.

உங்கள் பயத்தில் நியாயம் இருந்திருக்கலாம். அந்த நாட்களில் தமிழரைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்ற கதையோடுதான் பிரெடெரிசியாவில் எல்லோரும் படுத்து எழும்பினார்கள் என்று பிறகு எத்தனையோ பேர் சொல்லக் கேட்டேன். பயந்ததற்காக நான் உங்களோடு பகை வைக்கவில்லை. ஒரு மாதம் மறைத்து, எனக்காக நீங்களே முடிவெடுத்து, என்னை ஒரு பொதிபோல வரவழைத்து, பிறகு திருப்பி அனுப்பினீர்களே, அதற்காக.

அடுத்த நாள் காலை அந்தப் பயணக் குழுவின் டெனிஷ்காரரோடு வான் வண்டியில் ஏறினேன். என்னை உள்ளே விடாத நாட்டின் மனிதர்களை முதல்முதலாகக் கண்டது ஆபிரிக்காவில். எங்களுக்கு முன்னால் டென்மார்க்கின் யூலண்ட் பகுதியிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மனைவி ஆசிரியை, நல்ல ஆங்கிலம். எனக்கும் பள்ளிக்கூட ஆங்கிலம் இருந்தது.

"உங்கள் கணவர் எங்கே?" என்று கேட்டாள்.

"உங்கள் நாட்டில்."

"அப்படியென்றால் நீங்கள் ஏன் அங்கே இல்லை?"

"உங்கள் நாடு பதில் சொல்லவில்லை. விண்ணப்பம் போட்டுக் கன காலம்."

அவள் தலையை ஆட்டினாள். "எங்கள் சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் கணவர் பிழையாக நிரப்பியிருப்பார்."

"பிழையில்லை. எல்லாருக்கும் இப்படித்தான்."

"எல்லாருக்குமா? டென்மார்க்கில் அப்படி நடக்காது," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். நான் அவளுடைய வீட்டைப் பற்றி அவதூறு சொல்லிவிட்டதுபோல. அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை.

சிங்கத்தை மறுநாள் கண்டோம். பெண் சிங்கம் ஒன்று, குட்டிகளோடு, ஒரு பற்றைக்குக் கீழே. வானின் கூரையைத் திறந்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிள்ளைக்கு எட்டவில்லை. எனக்கும் அவளைத் தூக்கத் தைரியமில்லை. அந்த ஆசிரியையின் கணவர், பயணம் முழுக்க வாயே திறக்காத பெரிய மனிதர், என்னிடம் கண்ணால் கேட்டார். நான் தலையசைத்தேன். அவர் அவளை இடுப்பில் பிடித்துக் கூரைக்கு மேலே தூக்கினார். சிங்கம் எழும்பிப் போகும்வரை அவர் கை இறங்கவில்லை.

அன்று மாலை கூடார வாசலில் நுளம்பு எண்ணெய் பூசிவிட்டதும் பிள்ளை புல்லில் ஓட, காவலாள் வந்து மறித்தார். இங்கே ஓடக்கூடாது, ஓடினால் மிருகம் பார்க்கும் என்றார். ஊரில் நாங்கள் பிள்ளைக்குப் பழக்கியது ஓடத்தான். ஹெலி சத்தம் கேட்டால் ஓடு, பதுங்குகுழிக்கு ஓடு. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், யார் சொல்வதைக் கேட்பது என்று. நில் என்றேன். இரண்டு பேரும் அந்த இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தூரத்தில் ஒட்டகச்சிவிங்கிகள் மெல்ல நடந்து போயின.

பிறகு திரும்பிப் போனோம். அடுத்த வருடம் எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சனத்தின் உடல்களைத் தூக்கியபோது பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றாள். அதை நான் அவளுக்கு ஞாபகப்படுத்துவதில்லை.

அமைச்சு செய்தது வெளியே வந்து, முடக்கிய கோப்புகள் அசைந்து, ஒருவழியாக எங்களைக் கூப்பிட்டார்கள். கஸ்ட்ரப் விமான நிலையத்தில் இரண்டு குளிருடுப்புகளைக் கையில் போட்டுக்கொண்டு நின்றீர்கள். பிள்ளையின் உடுப்பு அவளுக்கு ஒரு அளவு சிறிது. நான் உங்களைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்: "இது அளவில்லை."

கோப்புகளை முடக்கிய அந்த விவகாரத்தால் டெனிஷ் அரசாங்கமே விழுந்த அன்று நீங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் அழுதீர்கள். "பாத்தீரே, பாத்தீரே" என்றீர்கள். நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். அமைச்சருக்கு என் முகம் தெரியாது, உங்களுக்குத் தெரியும் என்று சொன்னேன். நீங்கள் சத்தத்தைக் கூட்டினீர்கள்.

அதற்குப் பிறகுதான் ஒரு பிறந்தநாள் விழாவில் அந்தக் கதை. பிரெடெரிசியா மண்டபத்தில், நான் ரோல்ஸ் தட்டோடு குசினியிலிருந்து வெளியே வந்தேன். நீங்கள் ஆம்பிளையள் நடுவில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். "மகளை இப்பிடித் தூக்கிப் பிடிச்சனான். சிங்கம் எழும்பிப் போகுமட்டும் இறக்கேல்லை." நான் வந்த புதிதில் உங்களுக்குச் சொன்னதை அப்படியே சொன்னீர்கள். மகள் உங்கள் பக்கத்தில் நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் என்னைக் கண்டீர்கள். கண்டும் கையை இறக்கவில்லை.

ஒருவர் என்னிடம் கேட்டார், "அக்கா, உங்களுக்குப் பயமில்லையோ?"

"அவரைக் கேளுங்கோ," என்றேன்.

அந்த நாளிலிருந்து அது உங்கள் கதையாகிவிட்டது. ஒவ்வொரு விழாவிலும் சிங்கம் கொஞ்சம் கிட்ட வந்தது.

இந்த ஞாயிறு நான் பொறுக்கவில்லை. பிள்ளைகள் முற்றத்துக்குப் போனதும் மகளிடம் சொன்னேன். "அப்பா அங்க வரேல்லை. உன்னைத் தூக்கினது ஒரு டெனிஷ்காரன். பேர் எனக்குத் தெரியாது."

வழக்கமாக டெனிஷில் பதில் சொல்கிறவள், தமிழில் கேட்டாள்.

"அப்பா எங்களைத் திருப்பி அனுப்பினவரோ?"

"ஓம்."

"சண்டைக்குள்ள?"

"ஓம்."

"எனக்கு அந்தத் தூக்கின கை ஞாபகம் இருக்கு, அம்மா. இவ்வளவு வருசமும் அதை அப்பான்ர கை எண்டு நினைச்சனான். இப்ப ஏன் சொன்னனீங்கள்?"

அவள் அழுதாள். உங்களில் கோபமா, என்னிலா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டாள். புதன்கிழமை தொலைபேசி எடுத்து, "நீங்களும் எங்களோட வாறீங்களோ?" என்று மட்டும் கேட்டாள். வாறன் என்றேன்.

ஆனால் ஒன்றை அவளுக்குச் சொல்லவில்லை. உங்கள் கடைசிக் கிழமையில், ஆஸ்பத்திரியில், தாதி போனபிறகு, நீங்கள் என் பக்கம் திரும்பிக் கேட்டீர்கள். நீங்களாக அந்தக் கதையை எடுத்தது அந்த ஒருமுறைதான்.

"அங்க நிக்கேக்க என்னை நினைச்சனீரோ?"

உங்களை நோகச் செய்யத்தான் உண்மையைச் சொன்னேன். "இல்லை," என்றேன். "அந்த நாளுகளில ஒருக்காலும் நினைக்கேல்லை. சந்தோசமா இருந்தனாங்கள்."

நீங்கள் கண்ணை மூடினீர்கள். "நல்லம்," என்றீர்கள்.

அவ்வளவுதான். கோபமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. எனக்குத் திருப்பி ஏச ஒரு வார்த்தைகூட வைக்காமல் போய்விட்டீர்கள். அந்த ஒரு சொல்லோடுதான் நான் காலையில் எழும்புகிறேன், தேத்தண்ணீர் போடுகிறேன், பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஆவணியில் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் அந்தப் புல்வெளியில் நிற்கப்போகிறேன். இந்த முறை உங்களை நினைக்காமல் இருக்க என்னால் முடியாது. அதுதான் எனக்கு ஆத்திரம்.