கடலூருக்கு ஒரு போன்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? லண்டன் குளிர் எனக்குப் பழகிவிட்டது.

கொஞ்சம் அசதி என்று போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். பெரிய ஆஸ்பத்திரி. குடும்ப டாக்டர் யார் என்று கேட்டார்கள். பழக்கத்தில் "ராஜவேல் டாக்டர், நெல்லிக்குப்பம்" என்றேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டே இருந்தாள். பிறகுதான் இங்கே நான் பதிவு செய்திருக்கும் குடும்ப டாக்டர் பெயர் நினைவுக்கு வந்தது. அவருக்கு என் விவரமெல்லாம் கம்ப்யூட்டரிலேயே போய்விடுமாம்.

நம் டாக்டர் என்றால் நம்மை எதிரில் உட்காரவைத்துக் கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவார். "நம்ம சபாபதி பொண்ணு வருது. ஊசியப் பாத்தா மயக்கம் போட்டுடும், படுக்கவெச்சே ரத்தம் எடுங்க." இங்கே அதைச் சொல்ல ஆளில்லை. நாற்காலியிலேயே மயங்கிவிட்டேன். இப்போது ஒன்றுமில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். பஸ் ஸ்டாப்பில் நின்று எழுதுகிறேன், பஸ் வருகிறது. நம் டாக்டரை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். வேறு டாக்டரிடம் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சத்யப்பிரியா